ரொக்கப் பணமும் தங்கையின் பங்கும்

போடிநாயக்கனூரிலும், சிலமலை, இராசிங்கபுரம், தேவாரம் போன்ற சுற்றுப்புற ஊர்களிலும் பூர்வீக வீடுகள் கைமாறி வருகின்றன. விற்கிறவர்களில் உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தினர் பலர். வாங்க வருகிறவர்கள் ரொக்கத்தோடு வருகிறார்கள். "பேங்கு, லோன், செக் என்று எந்த அலைச்சலும் வேண்டாம். இன்றைக்குச் சரியென்று சொல்லுங்கள், நாளைக்குச் சுளையாகப் பணம்" என்று தரகர் வந்து திண்ணையில் உட்காருகிறார். மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்ட வீட்டில், மதுரை ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டிய வீட்டில், வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கும் வீட்டில் அந்தச் சொல் எப்படி விழும் என்பதைத் தொழிலாளித் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

வீட்டை விற்காதீர்கள் என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை. கடன் கழுத்தை நெரிக்கும்போது, தாத்தா கட்டிய சுவரைக் கட்டிக்கொண்டு அழு என்று சொல்வது பட்டினி அறியாதவர் பேச்சு. விற்க வேண்டிய நிலை வந்தால் விற்கத்தான் வேண்டும். எந்த விலைக்கு, யார் யார் சம்மதத்தோடு, எந்த விதமான பணத்துக்கு என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்வதே ரொக்கப் பணத்தின் முதல் வேலையாக இருக்கிறது.

இந்த வட்டாரத்துத் தொழிலாளிக்கு வீடு என்பது மற்ற ஊர்களில் உள்ளதைப் போன்றதல்ல. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. கூலி மலைக்கு மேலே ஒரு மாநிலத்தில், வீடு மலைக்குக் கீழே இன்னொரு மாநிலத்தில் என்று ஆயிற்று. விடியும் முன்னே தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாயும் நேரம் திரும்புகிறார்கள் பெண்கள். தோட்டத்திலேயே தங்குகிறவர்களுக்கு லயத்து வீடு உண்டு. ஆனால் அது முதலாளியின் வீடு. வேலை இருக்கும்வரைதான் அதில் அடுப்பு எரியும். உடம்பு தளர்ந்து மலையை விட்டு இறங்கும் நாளில், போய்ச் சேருவதற்கு அவர்களுக்கென்று இருப்பது கீழேயுள்ள அந்தப் பூர்வீக வீடு ஒன்றுதான். மண்சுவரோ, ஓட்டுக் கூரையோ, அதில் ஒரு பங்குதான் பல தொழிலாளிகளுக்குப் பென்ஷன்.

இப்போது அந்த வீடுகள் மீது பணக்காரர்களின் பார்வை விழுந்திருப்பதற்குக் காரணங்கள் உண்டு. 2018 ஆகஸ்டில் கேரளத்தை உலுக்கிய வெள்ளத்தில் ஏலச்செடிகள் அழுகின. அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. வரத்து சுருங்கவே, 2019இல் ஏலக்காய் விலை ஏலச் சாலையில் கிலோ ஆயிரங்களாக ஏறி, ஆகஸ்டில் அதிகபட்சமாக 7,000 ரூபாயைத் தொட்டது. 2022இலோ ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. ஏறியபோது கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. இருப்பு வைத்திருந்தவர் கையில் பணம் புரண்டது. அப்படிப் புரண்ட பணம் நிலமாகவும் கட்டிடமாகவும் மாறத் துடிப்பது முதலாளித்துவத்தின் இயல்பு. அதோடு, 2010ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்ட போடி ரயில், பாதையை அகலமாக்கி முடித்து, 2023 ஜூன் 15 முதல் மீண்டும் ஓடத் தொடங்கியது. சென்னையிலிருந்து நேராகப் போடிக்கு வண்டி வருகிறது. மூணாறுக்குப் போகும் சுற்றுலாக்காரருக்கும் இது வழிதான். ஸ்டேஷன் பக்கம் எந்தச் சந்தில் எத்தனை சென்ட் காலி இருக்கிறது என்பது தரகர்களுக்கு மனப்பாடம். அந்த வீட்டில் குடியிருப்பவருக்குத்தான் தம் இடத்தின் இன்றைய விலை தெரியாது.

இங்கே தோழர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். ஏலக்காய் எப்படி விற்கப்படுகிறது? போடியிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையங்கள் இருக்கின்றன. சரக்கின் மாதிரி எல்லா வியாபாரிகள் முன்னும் வைக்கப்படுகிறது. பலர் விலை கேட்கிறார்கள். யார் எவ்வளவு கேட்டார் என்பது திரையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அந்த முறையிலும் விவசாயியை ஏய்க்கும் தந்திரங்கள் உண்டு, அது வேறு கதை. ஆனாலும் ஒரு மூட்டை ஏலக்காய்க்குப் பத்துப் பேர் போட்டி போட்டு விலை சொல்கிறார்கள். மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டுக்கோ ஒரே ஒருவர் விலை சொல்கிறார். அதுவும் காதோடு காதாக, "வெளியே சொல்லாதீங்கண்ணே, கெடுத்துப்புடுவாங்க" என்ற எச்சரிக்கையோடு! யார் கெடுப்பார்கள்? கூடுதலாக விலை கேட்கக்கூடிய இன்னொருவர்தானே? ரொக்கம் தருகிறேன் என்பதற்காகவே விலையில் ஒரு பகுதியைக் குறைத்துக் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. அவசரத்துக்கு விற்பவன் அந்த அவசரத்துக்கே ஒரு வரி கட்டுகிறான்.

விலைக் குறைவைக்கூட ஒரு பக்கம் வைப்போம். இதைவிடப் பெரிய அநியாயம் பத்திரத்துக்குள் இருக்கிறது.

ரொக்கத்துக்கு வாங்குகிறவர் பெரும்பாலும் இரண்டு விலை பேசுகிறார். ஒன்று பத்திரத்தில் எழுதும் விலை. சர்க்காரின் வழிகாட்டி மதிப்பை ஒட்டியது. மற்றொன்று கையில் தரும் விலை. இரண்டுக்கும் இடைப்பட்ட தொகை காகிதத்தில் ஏறாது, பையில் ஏறும். சர்க்காரை ஏமாற்றும் வேலை இது என்று மட்டும்தான் பலரும் நினைக்கிறார்கள். "சர்க்கார் நமக்கு என்ன செய்தது, போனால் போகட்டும்" என்று தொழிலாளியே சொல்லிவிடுகிறான். சர்க்கார் இதில் இரண்டாவதாகத்தான் ஏமாறுகிறது. முதலில் ஏமாறுகிறவள் கூடப் பிறந்தவள்.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் தம் உழைப்பில் கட்டிய வீடு. உயில் எழுதாமல் இறந்தார். மனைவி இருக்கிறார். இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஐந்து பேருக்கும் சமமாக ஐந்து பங்கு. வீடு 20 லட்சத்துக்கு விலை போகிறது. பத்திரத்தில் 9 லட்சம், ரொக்கம் 11 லட்சம். நியாயமாக ஆளுக்கு 4 லட்சம் வர வேண்டும். ஆனால் மலையில் லயத்தில் இருக்கும் தங்கையிடம் காட்டப்படுவது எது? பத்திரத்து விலைதான். "ஒன்பது லட்சத்துக்குத்தான் போச்சு, இந்தா உன் பங்கு" என்று 1,80,000 கொடுத்தால் அவள் எதைக் காட்டிக் கேட்பாள்? சர்க்கார் முத்திரை குத்திய காகிதமே அண்ணன் பக்கம் சாட்சி சொல்கிறது. தாயும் இரண்டு மகள்களும் ஆளுக்கு 2,20,000 ரூபாய் இழக்க, அந்த 6,60,000 ரூபாய் ஆண்மக்கள் இருவர் பைக்குள் போகிறது. அவர்கள் ஆளுக்கு 7,30,000 எடுத்துக்கொள்கிறார்கள். வாங்கியவருக்கும் இதில் லாபம் உண்டு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து இன்று 9 சதவிகிதம் என்பதால், எழுதாமல் விட்ட 11 லட்சத்தில் அவருக்கு மிச்சம் 99,000.

1,80,000 கொடுக்கும் அண்ணனாவது பரவாயில்லை என்று சொல்லும்படியும் நடக்கிறது. பத்திரம் பதியும் நாளன்று, "வந்து ஒரு கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போத்தா" என்று ஜீப் ஏற்றிக் கூட்டிவந்து, ஒரு பட்டுச்சேலையும் கொஞ்சம் செலவுப் பணமும் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். பெயரைப் பாருங்கள், விடுதலைப் பத்திரமாம்! எதிலிருந்து அவளுக்கு விடுதலை? தகப்பன் வீட்டு வாசற்படியிலிருந்து. "கேட்டால் அண்ணன் வாசலை மிதிக்க முடியாதே" என்று அவள் பயப்படுகிறாள். பிறந்த வீட்டு உறவையும் பங்கையும் தராசின் இரண்டு தட்டில் வைத்து, ஒன்றைத்தான் எடுக்கலாம் என்கிறார்கள். ஆண்மகனுக்கு இரண்டும் உண்டு.

இந்தப் பங்கு யாரோ போட்ட பிச்சை அல்ல. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டதைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டி, டாக்டர் அம்பேத்கர் 1951இல் மந்திரி பதவியைத் துறந்தார். 1956இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்தது. ஆனால் கொடுத்த கையாலேயே ஒரு பூட்டும் போட்டது. குடும்பத்தார் குடியிருக்கும் வீடாக இருந்தால், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்று அதன் 23ஆம் பிரிவு சொன்னது. வயலில் பங்கு கேட்கலாம், வீட்டில் கேட்கக்கூடாது! வயலே இல்லாத, வீடு ஒன்றே சொத்தாக உள்ள ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தச் சட்டத்தால் என்ன லாபம்? ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தப் பூட்டு தொங்கியது. 2005 செப்டம்பர் 9 அன்று அமலுக்கு வந்த திருத்தம்தான் அதை எடுத்தது.

தாத்தா வழி வந்த பரம்பரைச் சொத்திலோ 1989இல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு முந்திக்கொண்டு மகளுக்குச் சம உரிமை தந்தது. அப்போது கல்யாணமாகிப் போயிருந்தவர்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. "நீ எண்பத்தொன்பதுக்கு முன்னாலேயே கல்யாணமானவள், உனக்கு ஒன்றும் கிடையாது" என்று இன்றும் சில பத்திர எழுத்தர்கள் சொல்லி அனுப்புகிறார்களாம். அது பழைய பாட்டு. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்று பார்க்கவில்லை. தகப்பன் அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா என்றும் பார்க்க வேண்டியதில்லை, பிறப்பாலேயே அவளுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டு 11 அன்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி முடிந்துபோன பாகங்களும் விற்பனைகளும் மட்டும் இதில் சேரா. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தனித்தனிச் சட்டம். பங்கின் அளவு மாறும், மகளுக்குப் பங்கே இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இனி, அண்ணன்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரொக்கம் வாங்கி ஜெயித்துவிட்டோம் என்று அவர்கள் எண்ண வேண்டாம். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம். யாருக்கு? கொடுத்த பணக்காரருக்கு அல்ல, வாங்கியவருக்கு! 11 லட்சம் ரொக்கமாக வாங்கியது வெளியே வந்தால் 11 லட்சமும் அபராதமாகக் கேட்கப்படலாம். வெளியே எப்படி வரும் என்கிறீர்களா? பெங்களூரில் ஒரு நிலத்துக்கு 75 லட்சம் ரொக்கமாக முன்பணம் கொடுத்ததாக ஒரு வழக்கு வந்தது. அதில் 2025 ஏப்ரல் 16 அன்று சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறியதாக வழக்கில் சொன்னால் கோர்ட்டும், பத்திரத்தில் எழுதினால் சார்பதிவாளரும் வருமான வரி இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. ஆக, பணம் முழுதும் வராமல் ஏமாந்தவன் கோர்ட்டுக்குப் போனால், பாக்கிக்குப் பதில் நோட்டீஸ் வரும். போகாவிட்டால் பாக்கி வராது. காகிதத்தில் இல்லாத பணத்துக்குக் கடவுள்தான் சாட்சி, அவர் சார்பதிவாளர் ஆபீசுக்கு வருவதில்லை.

கட்டுக்கட்டாக வாங்கிய பணத்தை என்ன செய்வது? பேங்கில் போட்டால் எங்கிருந்து வந்தது என்று கேள்வி. ஆகையால் அரிசிப் பானையிலும் பீரோவிலும் வைக்கிறார்கள். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது, அப்படி வைத்திருந்த ஏழைகள் பட்ட பாட்டைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரும் புள்ளிகள் ஆள் வைத்து மாற்றிக்கொண்டார்கள். ஓர் ஓட்டு வீட்டை விற்ற காசை வைத்திருந்தவன் வரிசையில் நின்றான்.

சகோதரர்களில் ஒருவரை மட்டும் பிடித்து, அவர் பங்கை ரொக்கத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டு, "இனி நானும் இந்த வீட்டுக்குப் பங்காளி" என்று உள்ளே நுழையப் பார்ப்பதும் உண்டு. பயந்துபோய் மற்றவர்களும் கிடைத்த விலைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய அந்நியன், குடும்பத்தாரோடு சேர்ந்து குடியிருக்க உரிமை கோர முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. அவன் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், கோர்ட்டு நிர்ணயிக்கும் விலையைக் கொடுத்து அந்தப் பங்கைக் குடும்பத்தாரே மீட்டுக்கொள்ள 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் இடம் தருகிறது. இன்னும் ஒரு படி மேலே, தகப்பனிடமிருந்து வந்த சொத்தில் ஒரு வாரிசு தம் பங்கை விற்க நினைத்தால், அதை வாங்கும் முதல் உரிமை மற்ற வாரிசுகளுக்கே என்று வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு கூறுகிறது. லயத்தில் இருக்கும் தங்கைக்கும் அந்த முதல் உரிமை உண்டு. "நீ வாங்கிக்கொள்கிறாயா?" என்று அவளை எத்தனை அண்ணன்மார் கேட்டிருக்கிறார்கள்? பொன்னைப் பொட்டு வைத்து, சீட்டுப் பிடித்து அவள் வாங்கக்கூடும். கேட்டால்தானே!

வட்டிக்காரர் விஷயத்தையும் விட முடியாது. கடன் கொடுக்கும்போது அடமானம் என்று சொல்லிவிட்டு, கிரயப் பத்திரமாகவோ பொது அதிகாரப் பத்திரமாகவோ எழுதி வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, அது அடமானமா கிரயமா என்று பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நமது தோழராக இருக்க வேண்டும்.

சங்கக் கிளைகள் கூலி, போனஸ், ஜீப்பில் ஆள் ஏற்றும் அளவு ஆகியவற்றோடு இந்தப் பிரச்னையையும் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். இது குடும்ப விவகாரம், கட்சி தலையிடலாமா என்று சிலர் தயங்குவார்கள். தொழிலாளியின் ஒரே சொத்து போகிறது, பெண் தொழிலாளியின் பங்கு பறிபோகிறது, இது குடும்ப விவகாரம் என்றால் எதுதான் வர்க்கப் பிரச்னை? வீடு விற்கப் போகிறவர் வந்து சொன்னால், முதலில் வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரமும் வாரிசுச் சான்றிதழும் எடுக்க உதவுங்கள். அக்கம்பக்கத்தில் சமீபத்தில் என்ன விலைக்கு இடம் போயிற்று என்று விசாரித்துச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேரையாவது விலை கேட்க வையுங்கள். முழு விலையையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஐந்து பங்கு என்றால் ஐந்து பேர் பெயரிலும் தனித்தனி பேங்கு டிராஃப்ட், ஒவ்வொன்றின் எண்ணும் தொகையும் பத்திரத்துக்குள். இதற்குச் சம்மதிக்காத வாங்குபவரின் பணம் எப்படிப்பட்ட பணம் என்பது அப்போதே தெரிந்துவிடும். தங்கை விட்டுக்கொடுக்கத்தான் போகிறாள் என்றால் விட்டுக்கொடுக்கட்டும். தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து, டிராஃப்டைக் கையில் வாங்கி, பிறகு அண்ணனுக்குக் கொடுக்கட்டும். அது அவள் பெருந்தன்மை. தெரியாமல் எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். கட்சி அட்டை வைத்திருக்கும் எவரும் இந்த விற்பனைகளில் தரகுப் பணம் தொடக் கூடாது. இரு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு மேடையில் நிலப்பிரபுத்துவத்தைத் திட்டுகிறவரைத் தொழிலாளிகள் நன்றாக அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

சர்க்கார் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கும், பெயர் மாற்றத்துக்கு நகராட்சிக்கும் ஒரு கூலிக்காரர் எத்தனை நாள் கூலியை விட்டு நடப்பது? காகிதம் சரியில்லாத வீட்டைப் பேங்கும் ஏற்காது, நியாயமான வாங்குபவரும் ஏற்கமாட்டார். அப்போதுதான் "காகிதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ரொக்கக்காரர் வருகிறார். வருவாய்த் துறை போடியிலும் தேவாரத்திலும் முகாம் போட்டு, ஏழைகளின் வீடுகளுக்கு வாரிசுச் சான்றையும் பட்டா மாற்றத்தையும் அங்கேயே முடித்துக் கொடுக்கட்டும். குடும்பத்தாருக்குள் எழுதும் பாக, விடுதலைப் பத்திரங்களுக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. ஆனால் அதன் உச்சவரம்புகள் 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டன. சிறிய வீடுகளுக்கு அதையும் தள்ளுபடி செய்யட்டும். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வரும் பெண்ணை, அண்ணன்மாரையும் பத்திர எழுத்தரையும் வெளியே நிறுத்திவிட்டு, சார்பதிவாளர் தனியே உட்காரவைத்து இரண்டு கேள்வி கேட்கும்படி விதி வரட்டும்: இந்த வீட்டில் உன் பங்கு எவ்வளவு என்று தெரியுமா, உன் கைக்கு எவ்வளவு வந்தது? அவள் சொல்லும் பதிலும் பத்திரத்தில் ஏறட்டும்.